டை வாங்கும் முன் சேம்பரை அளந்துகொள்ளுங்கள்

ரைஃபிளில் சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடியும் தோட்டாவாக்க நினைப்பவர் முதலில் தடுமாறுவது, கூட்டை அமுக்கிச் சுருக்கும் அச்சான டையை வாங்கும் இடத்தில்தான். .308 வின்செஸ்டர் என்ற ஒரே தோட்டாவுக்கு முழுநீள டை, கழுத்தை மட்டும் சுருக்கும் டை, காலெட் டை, புஷ்ஷிங் டை, பாடி டை, ஸ்மால் பேஸ் டை என்று வரிசையாக விற்கிறார்கள். ஆர்.சி.பி.எஸ்., ரெடிங், ஃபார்ஸ்டர், ஹார்னடி, லீ என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் பலர். பெரும்பாலான டைகள் 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்டவை என்பதால், எதை வாங்கினாலும் அநேகமாக எந்தப் பிரெஸ்ஸிலும் பொருந்திவிடும். ஆகவே தேர்வு முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது. எந்த டை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதே இந்த வேலையில் எனக்குப் படிந்த முடிவு. உங்கள் ரைஃபிளில் தோட்டா அமரும் அறையான சேம்பர் எவ்வளவு பெரியது? அதில் சுட்ட கூடு மறுபடி தடையில்லாமல் நுழைய எவ்வளவு சுருக்கினால் போதும்? இந்த இரண்டும் எண்ணாகக் கையில் இருந்தால், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண முழுநீள டை ஒன்றே போதும். அதை எந்த உயரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

நான் இங்கே பேசுவது உரிமம் பெற்ற துப்பாக்கியும், தோட்டாவை வீட்டில் தயாரிக்கச் சட்ட அனுமதியும் உள்ள இடங்களைப் பற்றி. இந்தப் பழக்கம் வேர்விட்ட நாடு அமெரிக்கா. கருவிகளும் அளவுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் வாழும் இடத்தின் விதியைத் தெரிந்துகொள்வது இதற்கெல்லாம் முந்தைய வேலை. அளவுகளை அங்குலத்திலேயே தருகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறை வழக்கில் சொல்வதுபோலத் தௌ என்றே குறிக்கிறேன். ஒரு தௌ என்பது ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர்.

கூட்டுக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்தால்தான் டை என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும். தோட்டாக்கூடு ஏறக்குறைய 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூட்டின் சுவர் வெளிப்பக்கம் உப்பி, சேம்பரின் சுவரோடு ஒட்டிப் புகை பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் உள்வாங்குகிறது. முழுவதும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. திரும்பும் அந்தச் சிறு அளவால்தான் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. எனவே சுட்ட கூடு ஒவ்வொன்றும் உங்கள் சேம்பரின் அச்சு, அளவில் இம்மி சிறியது. பித்தளைக்கு இன்னொரு குணமும் உண்டு. விரித்தாலும் சுருக்கினாலும் ஒவ்வொரு முறையும் கடினப்படும். கடினப்பட்ட பித்தளை அதிகமாகத் திமிறும், கடைசியில் கழுத்தில் வெடிப்பு விடும். தேவைக்கு மேல் பித்தளையை நகர்த்தும் டை கூட்டின் ஆயுளைத் தின்கிறது. தேவைக்குக் குறைவாக நகர்த்தும் டை போல்ட்டை மூடவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகியது.

எவ்வளவு குறுகியது என்பதைத் தோளின் இடத்தை வைத்துச் சொல்லலாம். .308 போன்ற விளிம்பில்லாத, கழுத்துள்ள கூடு சேம்பருக்குள் தன் தோளில்தான் முட்டி நிற்கிறது. தோளின் சரிவில் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்தைக் குறியாக வைத்து, போல்ட் முகத்திலிருந்து அதுவரை உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்று அளக்கிறார்கள். 1926-இல் தொடங்கிய சாமி என்ற அமெரிக்க ஆயுத, தோட்டாத் தயாரிப்பாளர் அமைப்பின் வரையறைப்படி, .308 சேம்பரில் இந்தத் தூரம் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம். அதாவது பத்து தௌ இடைவெளிக்குள் எங்கே இருந்தாலும் அந்த ரைஃபிள் தரமானதே. டை செய்பவருக்கு உங்கள் ரைஃபிள் இதில் எங்கே நிற்கிறது என்று தெரியாது. சிறிய சேம்பரிலும் கூடு நுழைய வேண்டும் என்பதை மனதில் வைத்தே அவர் டையைக் குடைகிறார். அந்த டையை முழுக்க இறக்கிப் பயன்படுத்தினால், உங்கள் சேம்பர் 1.636 ஆக இருந்தாலும் கூடு 1.630-க்கு ஏற்றபடி குறுகி வெளிவரும். ஆறு தௌ தளர்ச்சியை நாமே உண்டாக்குகிறோம்.

ஆறு தௌ என்றால் 0.15 மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தத் தளர்ச்சி கூட்டின் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. சுத்தி ஊசி பிரைமரைத் தட்டும்போது கூடு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி உப்பாமல் பின்னால் நகர்ந்து போல்ட்டில் முட்டும். முன்பகுதி நகராமலும் பின்பகுதி நகர்ந்தும் போவதால், நடுவில் உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. அந்த இடம் அடியிலிருந்து ஏறத்தாழ 0.2 அங்குலத்துக்குச் சற்று மேலே, தடித்த அடிப்பகுதி மெல்லிய சுவராக மாறும் எல்லையில் இருக்கும். ஒவ்வொரு முறை தோளைப் பின்னுக்குத் தள்ளிச் சுடும்போதும் அதே இடம் மறுபடி இழுபடுகிறது. சில சுற்றுகளில் அங்கே வெளியில் மினுமினுப்பான வளையம் தெரியும். உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். அடுத்த கட்டம் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடுவது. உயர் அழுத்தப் புகை பின்பக்கம் கசிந்தால் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. முனை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரோடு உரசி இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் முனை சிக்கினால் அந்தக் கூட்டோடு அதே தொகுதிக் கூடுகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. இந்தச் சோதனையை ஒவ்வொரு சுற்றிலும் செய்வதை நான் வற்புறுத்துகிறேன். செலவு ஒரு துண்டுக் கம்பிதான்.

பல டைகளோடு வரும் கையேடு, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்றுவரை திருகச் சொல்கிறது. அதை எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. எந்த ரைஃபிளில் சுட்ட கூடாக இருந்தாலும், எந்த ரைஃபிளில் போட்டாலும் நுழைய வேண்டும் என்பதற்கு அது சரியான வழி. ஒரே அளவில் இரண்டு மூன்று ரைஃபிள் வைத்திருப்பவருக்கும், பிறர் சுட்ட கூடுகளை வாங்கி முதன்முறை பயன்படுத்துபவருக்கும் நானும் ஏறக்குறைய அதையே சொல்வேன். ஒரே ரைஃபிளில் சுட்ட கூடு அதே ரைஃபிளுக்குத் திரும்பும்போதுதான் அந்த அறிவுரை பொருந்தாமல் போகிறது. அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 71 தௌ, கால் சுற்றுக்கு ஏறத்தாழ 18 தௌ. அதில் ஒரு பகுதி பிரெஸ்ஸின் நெகிழ்வை ஈடுகட்டுவதில் போனாலும், கண்மூடித்தனமான கால் சுற்று என்பது நமக்கு வேண்டிய துல்லியத்துக்கு வெகு முரடான அளவு. ஒரு தௌ வேண்டுமானால் டையை ஐந்து பாகை திருப்பினால் போதும்.

இந்த இடத்தில் வரும் முதல் மறுப்பு, அப்படியானால் உடலையும் தோளையும் தொடவே வேண்டாமே, கழுத்தை மட்டும் சுருக்கிவிடலாமே என்பது. வலுவான வாதம்தான். கூடு சேம்பரின் அச்சாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. அதை ஏன் கெடுக்க வேண்டும்? பித்தளை குறைவாக நகர்கிறது. அடியில் இழுபடும் இடம் இழுபடுவதே இல்லை. லீ காலெட் டை போன்ற கருவியில் மசகு தடவும் வேலையும் மிச்சம். இத்தனையும் உண்மை. ஆனால் இந்த உண்மை முதல் சில சுற்றுகளுக்கு மட்டுமே நீடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை கடினப்பட, அழுத்தம் இறங்கிய பின் அது உள்வாங்கும் அளவும், சேம்பரோடு அதற்குள்ள இடைவெளியும் மாறிக்கொண்டே வருகின்றன. ஒரு கட்டத்தில் போல்ட் கைப்பிடி கனமாக இறங்கும். பிறகு இறங்கவே மறுக்கும். அப்போது உடலையும் தோளையும் தள்ள முழுநீள டையோ பாடி டையோ வாங்கியே தீர வேண்டும். கழுத்து டை மட்டும் வாங்கியவர் ஆரம்பத்தில் ஒரு டை வாங்கியதாக நினைத்தாலும் உண்மையில் பாதிக் கருவியைத்தான் வாங்கியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை ஒருமைப்பாட்டில் இருக்கிறது. கழுத்தை மட்டும் சுருக்கிய கூடுகளில் ஒன்று தளர்வாகவும் இன்னொன்று உரசியபடியும் மூன்றாவது முட்டியபடியும் நுழையும். ஒவ்வொன்றும் கடினப்படுவதில் வேறு நிலையில் நிற்பதே காரணம். சேம்பரும் போல்ட் முகமும் முழு வட்டமாகவோ நேராகவோ இருப்பதில்லை. ஆகவே கூடு முதல் முறை இருந்த திசையிலேயே மறுபடி விழுந்தால்தான் அந்த ‘சரியான பொருத்தம்’ உண்மையாகும். திசை மாறினால் அதே கூடு ஒருபுறம் முட்டி, போல்ட்டின் பூட்டுக் காதுகள் மீது சமமில்லாத அழுத்தம் தரும். துல்லியம் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பது. ஒவ்வொரு கூட்டிலும் சிறிய, சமமான இடைவெளி இருப்பது, சிலவற்றில் இடைவெளியே இல்லாததைவிட மேல். இலக்கில் குண்டுகளை உலகிலேயே மிக நெருக்கமாகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களின் வழக்கம் இதற்குச் சான்று. 1975-இல் பால்மிசானோ, பிண்டெல் இருவரும் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. தோட்டா அந்தப் போட்டியில் பல பத்தாண்டுகளாகக் கோலோச்சுகிறது. அதைச் சுடும் முன்னணிப் போட்டியாளர்கள் பொதுவாகக் கூட்டை முழுநீளமாகவே சுருக்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய டை அவர்களுடைய சேம்பருக்கு நெருக்கமாகக் குடையப்பட்டது. தோளைத் தள்ளும் அளவும் ஒன்றிரண்டு தௌதான். துல்லியத்துக்காகக் கழுத்து டைதான் வேண்டும் என்று சொல்பவர் இந்த வழக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முழுநீள டையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதுமே என்று நினைப்பவர்கள் ஒரு பொறியில் விழுகிறார்கள். இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். டை கூட்டின் மீது இறங்கும்போது முதலில் பிடிபடுவது உடல். உடல் பக்கவாட்டில் நெருக்கப்படும்போது பித்தளைக்குப் போக வேறு இடமில்லை; அது மேல்நோக்கி நகர்ந்து தோளை முன்னே தள்ளுகிறது. டையின் தோள் கூட்டின் தோளைத் தொட்ட பிறகே அது பின்னுக்கு வரத் தொடங்கும். டையைப் பாதியில் நிறுத்தினால், சுருக்கிய கூடு சுட்ட கூட்டைவிட நீளமாக இருக்கும். சுட்டபடியே நுழைந்த கூடு, டையில் போட்ட பிறகு நுழையாது. டை பழுது என்றோ சேம்பர் பழுது என்றோ பலர் முடிவுகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். பழுது எதிலும் இல்லை. டை இன்னும் சில தௌ இறங்க வேண்டும், அவ்வளவே.

அளந்தால் இது முழுக்கத் தெளிவாகிவிடும். வெர்னியரில் பொருத்தும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர் என்ற சிறு துணைக்கருவி, தோளின் குறியிடத்திலிருந்து அடிவரை உள்ள தூரத்தைக் காட்டும். அது காட்டும் எண் சாமி அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது சுட்ட கூட்டுக்கும் சுருக்கிய கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. உங்கள் ரைஃபிளில் இரண்டு மூன்று முறை சுட்ட கூடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முறை சுட்டது சேம்பரை முழுதும் நிரப்பியிருக்காது. பிரைமரை முதலில் தட்டி எடுத்துவிடுங்கள், அதன் புடைப்பு அளவைக் கெடுக்கும். பல கூடுகளை அளந்து நீளமானவற்றின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டையை உயரத்தில் நிறுத்தி ஒரு கூட்டைச் சுருக்கி அளந்தால் எண் கூடியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக டையை இறக்க, எண் ஓர் உச்சிக்குப் போய்த் திரும்பும். குறித்துவைத்த எண்ணைவிட ஒன்று முதல் இரண்டு தௌ குறையும் இடத்தில் மரை வளையத்தைப் பூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் வேறு கூட்டைப் பயன்படுத்துவது நல்லது. ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் அது கடினப்பட்டுப் பொய் சொல்லும்.

ஒன்று முதல் இரண்டு தௌ என்பது போல்ட் ஆக்‌ஷனுக்கு. தானியங்கி வகை ரைஃபிளில் போல்ட்டைக் கை மூடுவதில்லை, ஸ்பிரிங்தான் மூடுகிறது. கூடு லேசாக முட்டினாலும் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கும். அங்கே மூன்று முதல் ஐந்து தௌ வரை தோளைத் தள்ளுவது முறை. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் போன்றவற்றில் சுத்தி ஊசி ஸ்பிரிங் தடையில்லாமல் தளர்வாக இருப்பதால், நீளமான கூட்டின் மீது போல்ட் வேகமாக மோதும்போது பூட்டுமுன்னே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அத்தகைய ரைஃபிளுக்குக் கழுத்து டையை யாரும் பரிந்துரைக்கக் கூடாது. கூட்டின் ஆயுளில் சில சுற்றுகள் குறைவதைப் பாதுகாப்பின் விலையாக ஏற்க வேண்டும்.

தோள் விஷயம் தீர்ந்த பிறகே கழுத்து. சாதாரண முழுநீள டையின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சுட்ட .308 கூட்டின் கழுத்து வெளிவிட்டம் 0.344 என்று வைத்துக்கொள்வோம். குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து 0.337. குண்டை இரண்டு தௌ பிடிப்போடு வைக்கக் கழுத்து 0.335-க்கு வந்தால் போதும். மிக மெல்லிய சுவருள்ள கூட்டையும் பிடிக்க வேண்டும் என்பதால் சாதாரண டை அதை 0.331 வரைகூட நெரித்துவிடும். பிறகு தண்டில் உள்ள எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது உள்ளிருந்து 0.335-க்கு விரிக்கும். தேவையில்லாமல் நான்கு தௌ உள்ளே போய் நான்கு தௌ வெளியே வந்ததில் கழுத்து வீணாகக் கடினப்படுகிறது. உருண்டை இழுபடும்போது கழுத்து கோணவும் செய்யலாம், தோளும் முன்னே இழுபடலாம். கழுத்தின் உட்புறத்தில் உலர் மசகு தொட்டுவிடுவது இந்தக் குறையைப் பாதியாவது குறைக்கும். ஃபார்ஸ்டர் நிறுவனம் தன் முழுநீள டையின் கழுத்தைக் கேட்ட அளவுக்குக் குடைந்து தருகிறது. ஒரே வகைக் கூட்டையே தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு அது நிரந்தரத் தீர்வு.

புஷ்ஷிங் டை இதே குறைக்கு இன்னொரு விடை. டைக்குள் உள்ள வளையத்தை மாற்றிக் கழுத்தை ஒரு தௌ துல்லியத்தில் நிர்ணயிக்கலாம். தோட்டாவின் கழுத்து 0.337 என்றால் 0.334 வளையம் போட்டால், பித்தளை ஒரு தௌ திமிறி 0.335-இல் நிற்கும், உருண்டை தேவையில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வளையம் வெளிப்புறத்தைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. கழுத்துச் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு முழுதும் குண்டு உட்காரும் உட்புறத்துக்குப் போய்விடும். ஒரே மூச்சில் ஐந்து தௌவுக்கு மேல் நெரித்தால் கழுத்து நேராக வருவதும் சந்தேகம். தோளுக்கு அருகே கழுத்தின் ஒரு சிறு பகுதி சுருங்காமலும் நின்றுவிடும். ஆகவே நல்ல தரமான, சுவர் சமமான கூடும், அதை வகை பிரித்து வைக்கும் பொறுமையும் உள்ளவருக்கே புஷ்ஷிங் டை தன் விலைக்கு வேலை செய்யும். கலவையான கூடுகளைக் குவித்து வைத்திருப்பவர் அதை வாங்கினால் குறையை இடம் மாற்றுகிறார், அவ்வளவுதான். அவருக்குப் பாடி டையும் லீ காலெட் டையும் சேர்ந்த ஜோடியை நான் முன்வைப்பேன். பாடி டை உடலையும் தோளையும் மட்டும் சரிசெய்யும். காலெட், கழுத்தை நடுத்தண்டின் மீது சுற்றிலும் அமுக்குவதால் உட்புற அளவு தண்டின் அளவுக்கே வந்துவிடும். சுவரின் தடிப்பு மாறினாலும் உட்புறம் ஏறக்குறைய மாறாது.

ஸ்மால் பேஸ் டையைப் பற்றி நிலவும் எண்ணமும் சோதித்துப் பார்க்க வேண்டியது. அது அடிப்பக்கத்தைச் சாதாரண டையைவிட ஒரு தௌ அளவுக்குக் கூடுதலாகச் சுருக்கும். தானியங்கி ரைஃபிள் என்றாலே அது கட்டாயம் என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியும் நுழைந்துவிடுமே, பாதுகாப்பானதை வாங்கிவிடலாமே என்பது அவர்கள் நியாயம். ஆனால் அதிகப்படியாகச் சுருக்கிய அடி, சுடும்போது அதே அளவு மறுபடி விரிய வேண்டும். அந்த வேலை ஏற்கெனவே இழுபட்டு நொந்துகிடக்கும் பகுதிக்கு அருகிலேயே நடக்கிறது. சாதாரண டையில் சுருக்கிய கூட்டை மட்டும், குண்டும் மருந்தும் பிரைமரும் இல்லாமல், உங்கள் ரைஃபிளில் போட்டுப் பாருங்கள். தானாகப் பூட்டினால் ஸ்மால் பேஸ் டைக்குத் தேவையே இல்லை. அகலமான ராணுவச் சேம்பரில் சுட்ட கூடுகளை இறுக்கமான உங்கள் சேம்பருக்குக் கொண்டுவரும்போது அது உதவும். அப்போதும் முதல் முறைக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து சாதாரண டைக்குத் திரும்பிவிடலாம்.

என் வாதத்துக்கு விலக்குகளும் உண்டு. 1888-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த .303, இந்தியக் காவல்துறையில் நெடுங்காலம் புழங்கியதால் த்ரீ நாட் த்ரீ என்று தமிழர்களுக்கும் தெரிந்த பெயர். அந்தக் கூட்டுக்கு அடியில் விளிம்பு உண்டு. அது விளிம்பில்தான் முட்டி நிற்கிறது, தோளில் அல்ல. சேறும் தூசியும் படிந்த தோட்டாவும் நுழைய வேண்டும் என்பதால் லீ என்ஃபீல்டு சேம்பர்களைத் தாராளமாகவே குடைந்தார்கள். அதில் சுட்ட கூட்டின் தோள் வெகுதூரம் முன்னே போயிருக்கும். டையை முழுக்க இறக்கினால் தோள் அத்தனை தூரமும் பின்னால் வரும், சில சுற்றிலேயே கூடு அறுந்துபோகும். அழுத்தமும் குறைவு, ரைஃபிளும் ஒன்றே என்றால், கழுத்து டைக்கு நான் தயங்காமல் இடம் தரும் இடம் இது. 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற, அடியில் பட்டை உள்ள கூடுகளிலும் இதே சிக்கல்தான். பட்டையை நம்பி டையை முழுக்க இறக்காமல், அதையும் தோளில் நிற்கும் கூடாகவே கருதித் தோளை அளந்து ஒன்றிரண்டு தௌ மட்டும் தள்ளினால் அதன் ஆயுள் கூடும். கவனித்தால் இந்த விலக்குகளும் மூல வாதத்தையே உறுதிப்படுத்துகின்றன: அங்கேயும் முடிவு சொன்னது சேம்பர்தான்.

விலை உயர்ந்த டை துல்லியமான தோட்டாவைத் தராதா என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். நல்ல நிறுவனத்தின் டையில் உட்புறம் வழவழப்பாக இருக்கும், உடலும் கழுத்தும் ஒரே அச்சில் இருக்கும். அதற்குத் தரும் பணம் வீணல்ல. ஆனால் ஒன்றிரண்டு தௌவை நம்பிச் செய்யும் வேலையில் டையைவிட அதிகம் ஆட்டம் காட்டுபவை வேறு. மசகு ஒரு கூட்டில் கூடவும் ஒன்றில் குறையவும் இருந்தால் தோளின் இடம் மாறும். குறைந்தால் கூடு டைக்குள் இறுகிச் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும். சில கூடுகள் மூன்று சுற்றும் சில எட்டுச் சுற்றும் கண்டவை என்றால், அவை திமிறும் அளவும் வேறுபடும். சுற்று எண்ணிக்கைப்படி கூடுகளைப் பிரித்து வைப்பதும், சில சுற்றுக்கொரு முறை கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதம் இறக்குவதும், டையின் விலையைவிட அதிகமாகப் பலன் தரும். அடிப்பகுதியை மட்டும் ஒருபோதும் சூடாக்கக் கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது. கார்பைடு டை வாங்கினால் மசகு வேண்டாம் என்று நினைத்து ரைஃபிள் டைக்குக் கூடுதல் பணம் தருபவர்களும் இருக்கிறார்கள். நேர்ச்சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு அது உண்மை. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்குக் கார்பைடிலும் மசகு தேவை.

வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சுடும் மான் வேட்டைக்காரருக்கு இத்தனை அளவு எதற்கு என்பது கடைசி மறுப்பு. கடைத் தோட்டா எல்லாமே சிறிதாகத்தானே வருகிறது, பாதுகாப்பாகச் சுடவில்லையா என்பார்கள். சுடுகிறது, ஏனென்றால் அந்தக் கூடு புதியது, ஒரே முறைதான் இழுபடுகிறது. நாம் பேசுவது ஐந்தாம் முறையும் எட்டாம் முறையும் அதே கூட்டைச் சுடுவதைப் பற்றி. ஒரு முறைக்குத் தாங்கும் தளர்ச்சி அங்கே திரண்டு வருகிறது. வேட்டைக்குப் போகிறவருக்கு இன்னொரு தேவையும் உண்டு: குளிரிலும் தூசியிலும் இரண்டாம் தோட்டா தடையில்லாமல் நுழைய வேண்டும். சேம்பரோடு உரசும் கழுத்து டைக் கூட்டைவிட, இரண்டு தௌ இடைவெளி உள்ள முழுநீளக் கூடு அவருக்கு அதிகம் பொருந்தும். குறைவாகச் சுடுபவருக்கே அளவு அதிகம் தேவை. மினுமினுப்பு வளையத்தைக் கண்டு எச்சரிக்கை பெறும் பழக்கம் அவருக்கு வாய்ப்பது கடினம்.

ஆகவே செலவு செய்யும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்வேன். நம்பகமான நிறுவனத்தின் சாதாரண முழுநீள டை, நல்ல வெர்னியர், ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர், தரமான மசகு இந்த நான்கும் முதல் வாங்கலில் சேர்ந்தே வர வேண்டும். கம்பேரட்டரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து அந்தப் பணத்தை விலையுயர்ந்த டையில் போடுவதை நான் ஏற்பதில்லை. டையை அடிக்கடி திருக விரும்பாதவர் இரண்டிரண்டு தௌ உயரம் கூடும் ரெடிங் ஷெல் ஹோல்டர் தொகுதியை அடுத்து வாங்கலாம். கழுத்து வெடிப்போ கோணலோ அளவில் தெரிந்தால் மட்டும் காலெட், புஷ்ஷிங், குடைந்த கழுத்து ஆகியவற்றில் உங்கள் கூட்டுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். போல்ட் தானாக மூட மறுத்தால் மட்டும் ஸ்மால் பேஸ். ரைஃபிளின் பெயர், சுட்ட கூட்டின் அளவு, சுருக்கிய கூட்டின் அளவு, சுற்று எண்ணிக்கை இவற்றை எழுதிக் கூட்டுப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள். புதிய டை வாங்கத் தோன்றும்போதெல்லாம் அந்தச் சீட்டில் உள்ள எண்கள் அதைக் கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் இருக்கும் டையே உங்களுக்குப் போதுமானது. அந்தப் பணத்துக்கு நல்ல கூடுகள் வாங்குங்கள்.